மட்டாஞ்சேரிக்குச் சென்றது குற்றமா?

வாலாஜாபாத்திலிருந்து 18 பிள்ளைகள் 2025 மே மாதக் கோடை விடுமுறையில் கொச்சிக்குச் சென்று வந்தார்கள். ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் பயிலும் பையன்கள். மாலை மதரஸாவின் உஸ்தாது ஒருவரும், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவரும் உடன் சென்றனர். கொடுங்கல்லூரில் சேரமான் ஜுமுஆப் பள்ளியில் தொழுதார்கள். அதன்பின் பறவூர், சேந்தமங்கலம், மட்டாஞ்சேரி ஆகிய மூன்று ஊர்களிலும் உள்ள பழைய யூதப் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்தார்கள். நடந்தது இவ்வளவே. இதனால் தீனுக்கு இழுக்கு நேர்ந்துவிட்டதாகச் சிலர் சொல்லித் திரிகின்றனர்.

சொல்லித் திரிந்ததோடு நின்றிருந்தால் நாம் எழுத வேண்டியதில்லை. செப்டம்பரில் நடந்த மீலாது விழாப் பேச்சுப் போட்டியில், அப்பிள்ளைகளுள் ஒருவன் தன் பயணத்தைப் பற்றிப் பேச எழுந்தான். வாசலில் காலணிகளைக் கழற்றிவிட்டுத்தான் யூதப் பள்ளிக்குள் நுழைந்தோம் என்றான். உள்ளே உருவமோ படமோ இல்லை என்றான். பெண்களுக்குத் தனியே மேல்மாடம் இருந்தது என்றான். அவர்களும் மேற்கு நோக்கியே வணங்குகிறார்கள் என்று அவன் சொன்னபோது முன்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, யஹூதியின் கோயிலைப் புகழ்வதற்கு மீலாது மேடைதான் கிடைத்ததா என்று உரக்கக் கேட்டார். ஒலிபெருக்கி நிறுத்தப்பட்டது. பதினைந்து வயதுப் பிள்ளை, பெற்ற தாயும் தந்தையும் பார்த்திருக்க, தலை கவிழ்ந்து மேடையை விட்டு இறங்கினான். அடுத்த வாரமே, டிசம்பர் விடுமுறையில் பெண்பிள்ளைகளை அதே ஊர்களுக்கு அழைத்துச் செல்லும் ஏற்பாடும் வாய்மொழியாக நிறுத்தப்பட்டது.

அப்பெரியவர்கள் நம் மரியாதைக்கு உரியவர்கள். ஊர்ப் பொதுக்காரியம் எதுவாயினும் முதலில் கை கொடுப்பவர்கள். அவர்களுடைய உள்ளத்தில் இருப்பது வன்மம் அன்று, துயரம் என்பதையும் நாம் அறிவோம். 2023 அக்டோபருக்குப் பின் காஸாவில் குழந்தைகளும் பெண்களுமாகப் பல்லாயிரவர் கொல்லப்பட்டதைக் கண்டு கண் கலங்காத முஸ்லிம் வீடு தமிழகத்தில் இல்லை. மருத்துவமனைகள் இடிந்தன, பள்ளிவாசல்கள் தரைமட்டமாயின, ரொட்டிக்கு வரிசையில் நின்றவர்கள் சுடப்பட்டனர். இதைச் செய்த அரசையும், அதற்குக் குண்டுகள் கொடுத்த அரசுகளையும் நாம் எந்தத் தயக்கமுமின்றிக் கண்டிக்கிறோம். இதில் அவர்களுக்கும் நமக்கும் ஓர் அணுவளவும் வேற்றுமை இல்லை.

வேற்றுமை இதற்கு அடுத்த படியில் வருகிறது. காஸாவில் குண்டு போட்டவனுக்கும் மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த ஒரு தொழுகைக் கூடத்துக்கும் என்ன தொடர்பு? சியோனிசம் என்னும் அரசியல் இயக்கம் பாஸல் நகரில் மாநாடு கூட்டியது 1897இல். பால்பர் பிரபு பிறருடைய நாட்டைப் பிறருக்கு எழுதிக் கொடுத்தது 1917இல். அதற்கெல்லாம் மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே, கொச்சி மன்னர் தம் அரண்மனையை அடுத்து அளித்த நிலத்தில், அரண்மனைக் கோயிலின் சுவரோடு சுவராக எழும்பிய கட்டடம் அது. அதை இஸ்ரேலியப் பாசறை என்பதுபோல் பேசுகிறவர்கள் ஒரு முறையேனும் அதன் வாசல்வரை சென்றதுண்டா?

அங்குள்ளதைச் சொல்வோம். தரையில் சீனத்திலிருந்து வந்த நீலவண்ண ஓடுகள், கையால் தீட்டப்பட்டவை. மேலே கண்ணாடி விளக்குகள். நடுவே பித்தளைக் கம்பியடைத்த மேடை. மேற்குச் சுவரில் தவ்றாத்துச் சுருள்கள் வைக்கப்பட்ட பேழை. பேழை மேற்கே இருப்பதற்குக் காரணம் பைத்துல் முகத்தஸ் அத்திசையில் இருப்பதுதான். நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத்துக்குப் பின்னும் பதினாறு பதினேழு மாதங்கள் அத்திசை நோக்கியே தொழுதார்கள் என்பதை மதரஸாவில் முதல் வகுப்புப் பிள்ளையும் படிக்கிறது. அந்தப் பையன் மேடையில் சொல்ல வந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒலிபெருக்கியை நிறுத்தியவர்கள் நம் முதல் கிப்லாவைப் பற்றிய பேச்சையே நிறுத்தினார்கள்.

பயணத்துக்குப் புறப்படுமுன் உஸ்தாது பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை வாசித்திருப்பார் அல்லவா? மூசா, ஹாரூன், யூசுப், யஃகூப், இஸ்ஹாக், இபுறாஹீம் ஆகிய பெயர்களில் ஏதேனும் ஒன்று இல்லாத பட்டியலை நம் ஊர்களில் யார் காட்ட முடியும்? மட்டாஞ்சேரிப் பேழையிலுள்ள தோற்சுருள்களில் எழுதப்பட்டிருப்பவையும் இப்பெயர்களே. திருமறையில் மிகுதியாகப் பெயர் குறிக்கப்படும் நபி மூசா (அலை) அவர்கள். ஆஷூரா நோன்பை ஏன் நோற்கிறோம் என்று ஒரு பிள்ளை கேட்டால், மதீனத்து யூதர்களும் மூசா நபிக்குக் கிடைத்த விடுதலைக்காக அன்று நோன்பிருந்ததைச் சொல்லாமல் எந்த ஆலிமும் விடை கூற முடியாது. ஆண்டுதோறும் முஹர்ரத்தில் நோற்கும் நோன்புக்கு இல்லாத தீட்டு, ஒரு கட்டடத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு எங்கிருந்து வந்தது?

யூதர்களைத் தோழராகக் கொள்ளாதீர் என்று திருமறை கூறவில்லையா எனக் கேட்கின்றனர். சூரா மாயிதாவின் 51ஆம் வசனம் அவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது. அதே சூராவின் ஐந்தாம் வசனம் வேதம் அருளப்பட்டோரின் உணவை நமக்கு ஆகுமாக்கியதும், அவர்களுள் கற்புடைய பெண்களை மணக்க அனுமதித்ததும் தெரியவில்லை போலும். சூரா மும்தஹனாவின் எட்டாம், ஒன்பதாம் வசனங்களையும் அவர்கள் ஓதிப் பார்க்க வேண்டுகிறோம். மார்க்கத்தின் பொருட்டு உங்களோடு போரிடாதவர்களுக்கும், உங்களை வீடுகளிலிருந்து வெளியேற்றாதவர்களுக்கும் நன்மையும் நீதியும் செய்வதை அல்லாஹ் தடுக்கவில்லை என்பதும், போரிட்டு வெளியேற்றியவர்களோடு உறவு கொள்வதையே தடுக்கிறான் என்பதும் அவ்வசனங்களின் பொருள். பாலஸ்தீனரை வீட்டை விட்டு விரட்டியவர் ஒரு வகை. கொச்சியில் மிளகு விற்று, சப்பாத்து நாளில் கடை அடைத்து, நம் வீட்டுத் திருமணங்களுக்கு வந்து சென்றவர் மற்றொரு வகை. அல்லாஹ் இரண்டாகப் பிரித்துக் கூறியதை ஒன்றாகக் கலக்கும் உரிமையை இவர்களுக்கு யார் கொடுத்தார்கள்?

சூரா ஹஜ்ஜின் நாற்பதாம் வசனம் துறவியர் மடங்களையும், கிறிஸ்தவர் கோயில்களையும், யூதர்களின் வணக்கத் தலங்களையும், பள்ளிவாசல்களையும் ஒரே வரிசையில் வைத்து, அல்லாஹ்வின் பெயர் அதிகம் நினைவுகூரப்படும் இடங்கள் என்ற நிலையில் அவற்றின் பாதுகாப்பைப் பேசுகிறது. யூதர் ஒருவரின் பிரேதம் கடந்து சென்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று தோழர்கள் சொன்னதற்கு, அதுவும் ஓர் உயிர்தானே எனக் கேட்டார்கள். உம்முல் மூமினீன் ஸஃபிய்யா (ரலி) அவர்களை யூதரின் மகள் என்று ஒருவர் குத்திக் காட்டியபோது, அவர் ஹாரூன் நபியின் வழிவந்தவர், மூசா நபி அவருக்குச் சிறிய தந்தை முறை என்று பெருமானார் ஆறுதல் கூறிய செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. யஹூதி என்ற சொல்லை வசைச்சொல்லாக வழங்குவோர், நம் அன்னையர் ஒருவரின் பிறப்பையே வசையாக்குகிறார்கள் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

பிற மதத்தார் வணங்குமிடத்தில் நுழையலாமா கூடாதா என்பதில் மத்ஹபுகளின் நூல்களில் விரிவான விவாதம் உண்டு. அதற்குள் நாம் புகவில்லை. பிள்ளைகள் வணங்கப் போகவில்லை, பார்க்கப் போனார்கள். மாமல்லபுரத்துக்கும் தஞ்சைக்கும் ஆண்டுதோறும் பள்ளிச் சுற்றுலா செல்லும் இதே பிள்ளைகளை இதுவரை எவரும் தடுத்ததில்லை என்பதையும் குறித்து வைக்கிறோம்.

இனி நாம் சொல்லப் போவது மார்க்கச் சட்டம் அன்று. நம் சொந்த வரலாறு. மட்டாஞ்சேரிப் பள்ளியில் பல காலமாகப் பாதுகாக்கப்பட்டு வந்த செப்பேடு, சேர மன்னர் பாஸ்கர ரவி வர்மர் கி.பி. 1000 அளவில் யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு வழங்கியது. எழுத்து வட்டெழுத்து. மொழி தமிழறிந்தவர் செவிக்கு அந்நியமாகாத பழைய மேற்குக் கரை மொழி. பல்லக்கு, குடை முதலிய 72 உரிமைகளோடு 'அஞ்சுவண்ணம்' என்னும் வணிகப் பதவியும் அதில் கொடுக்கப்பட்டது. அஞ்சுவண்ணம் என்னும் இச்சொல் யாருடையது? தமிழ் முஸ்லிம் இலக்கியத்தின் முதல் நூலாகக் கருதப்படும் பல்சந்தமாலையில் முஸ்லிம் வணிகர் அஞ்சுவண்ணத்தவர் என்று குறிக்கப்படுகின்றனர். பீர் முகம்மது அப்பா அடங்கியிருக்கும் தக்கலையில் இப்பெயர் இன்றளவும் நம்மவரிடையே வழங்குகிறது. தோப்பில் முஹம்மது மீரான் தம் நாவல் ஒன்றுக்கு இட்ட பெயரும் அஞ்சுவண்ணம் தெருவே. யூதருக்கும் நமக்கும் இக்கடற்கரையில் ஒரே சங்கப் பெயர் இருந்திருக்கிறது. அரபிக் கடல் தாண்டி வந்து மேற்காசிய வணிகம் செய்தோர் யாவருக்கும் பொதுவான பெயராக அது நின்றது என்றே ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர்.

இதைவிடப் பழையது கொல்லத்தில் 849இல் எழுதப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடு. கிறிஸ்தவக் கோயில் ஒன்றுக்கு வேணாட்டு மன்னர் அளித்த கொடை அது. அதன் காப்பாளராக அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் நியமிக்கப்பட்டன. சாட்சிகள் இட்ட கையெழுத்துகளில் அரபியில் கூஃபி எழுத்தில் உள்ளவை சில, பாரசீகத்துப் பஹ்லவியில் உள்ளவை சில, எபிரேய எழுத்தால் எழுதிய பாரசீக மொழியில் உள்ளவை சில. ஒரு கிறிஸ்தவக் கோயிலின் சொத்துக்கு முஸ்லிமும் யூதரும் பக்கத்துப் பக்கத்தில் கையொப்பமிட்டுச் சாட்சி நின்றிருக்கின்றனர். தரிசாப்பள்ளி, யூதப் பள்ளி, ஜுமுஆப் பள்ளி என்று மூன்றுக்கும் மேற்குக் கரையில் பள்ளி என்பதே பெயர் என்பதைப் பிள்ளைகள் அங்கே சென்றபோது கேட்டு வியந்தார்களாம். வாலாஜாபாத்தில் உட்கார்ந்து கொண்டு இது புரிவது கடினம். அதற்காகத்தான் பயணம்.

சேந்தமங்கலத்தில் சாரா என்னும் பெண்ணுக்கு 1269இல் எபிரேயத்தில் பொறித்த கல்லறைக் கல் ஒன்று உண்டு. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்லறைக் கற்களில் அதுவே பழையது. அவ்வூரில் கோயிலும் பள்ளிவாசலும் மாதா கோயிலும் யூதப் பள்ளியும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன.

எல்லாம் தேனும் பாலுமாக இருந்ததாக நாம் சொல்ல வரவில்லை. பொன்னானியின் ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் தம் துஹ்பத்துல் முஜாஹிதீன் என்னும் அரபு நூலில் எழுதியிருப்பதை இங்கே மறைத்தால் நாம் எழுதுவதற்கே தகுதியற்றவராவோம். 1524 அளவில் கொடுங்கல்லூரில் ஒரு கொலையைத் தொடர்ந்து, கரையோரத்து முஸ்லிம்கள் திரண்டு சென்று யூதர்களைத் தாக்கினர். வீடுகளையும் அவர்களுடைய பள்ளிகளையும் எரித்தனர். பறங்கியரை எதிர்த்துப் போராட நம்மவரைத் தட்டியெழுப்ப எழுதிய நூலிலேயே ஷைகு அவர்கள் இதையும் பதிந்து வைத்தார்கள். நம் முன்னோருக்கு இருந்த அந்த நேர்மையில் ஒரு பகுதியேனும் நமக்கு வேண்டாமா? கொடுங்கல்லூரை விட்டு ஓடி வந்தவர்களுக்குக் கொச்சி மன்னர் இடம் கொடுத்தார். மட்டாஞ்சேரிப் பள்ளி எழுந்த கதையில் நம் கைக் கறையும் இருக்கிறது. பிறகு 1662இல் அப்பள்ளிக்குத் தீ வைத்தவர்கள் பறங்கியர். குஞ்ஞாலி மரைக்காயரை 1600இல் கோவாவில் கொன்றவர்களும் அவர்களே. மட்டாஞ்சேரி யூதர்களுக்குப் பரதேசி யூதர் என்று பெயர் வரக் காரணம், அவர்களுள் பலர் 1492க்குப் பின் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டோரின் வழியினர் என்பதுதான். அண்டலூசியாவை இழந்த துயரை நம் கவிஞர்கள் இன்றும் பாடுகின்றனர். அதே ஆண்டில் அதே மன்னரால் துரத்தப்பட்ட மற்றொரு கூட்டம் எங்கே போயிற்று என்று கேட்பதற்கு மட்டும் நமக்கு மனம் வருவதில்லை.

குத்பா மேடைகளில் ஸலாஹுத்தீன் ஐயூபி (ரஹ்) அவர்களை அடிக்கடி நினைவுகூர்கிறோம். நல்லதுதான். 1187இல் குத்ஸை மீட்ட அம்மாவீரரின் அரசவைக்கு மருத்துவராக இருந்தவர் மூசா இப்னு மைமூன் என்னும் யூதப் பேரறிஞர் என்பதையும், சிலுவைப் போர்க்காரர்கள் துரத்திய யூதர்களை மீண்டும் அந்நகரில் குடியேற விட்டவர் ஸலாஹுத்தீனே என்பதையும் அம்மேடைகளில் ஏன் சொல்வதில்லை?

அப்படியானால் கொச்சி யூதர்கள் ஏன் போனார்கள் என்பது அடுத்த கேள்வி. இதுவே இப்பயணத்தில் பிள்ளைகள் கற்க வேண்டிய முதன்மையான பாடம் என்று நாம் கருதுகிறோம். இந்த நாட்டில் அவர்களை எவரும் விரட்டவில்லை. ஏறத்தாழ 2,500 பேர் இருந்த சமூகம் 1950களின் நடுவில் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறிற்று. மார்க்கப் பற்றும், புது நாட்டின் அழைப்பும், இங்கே குறைந்து வந்த வாணிபமும் சேர்ந்து அவர்களை இழுத்தன. யானைக்கால் நோய் இருக்குமோ என்ற ஐயத்தால் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவே அந்த அரசு ஆண்டுக்கணக்கில் தயங்கிற்று. பிறகு கொண்டுபோய் இருத்திய ஊர்களில் ஒன்று நெகேவ் பாலைநிலத்திலுள்ள நெவாத்தீம். 1948இல் பதூவி அரபிகளுள் பெரும்பகுதியினரைத் துரத்தி ஆளரவமற்றதாக்கிய நெகேவ் அது. பெரியாற்றங்கரையில் தென்னை நிழலில் வாழ்ந்தவர் அங்கே மணலில் கோழி வளர்த்தார். அந்த மணலின் மைந்தரோ அகதி முகாமில் கூடாரமடித்தார். மும்பையிலிருந்து சென்ற பெனே இஸ்ரேல் மக்களுள் ஒரு கூட்டத்தார் அங்கே நிற வேற்றுமை தாளாமல் மறியல் செய்து, 1952இல் இந்தியாவுக்கே திரும்பி வந்தார்கள். எஞ்சியோரை முழு யூதர் என ஏற்று மணம் செய்துவைக்க அங்குள்ள தலைமை ரப்பிகள் மறுத்ததால் எழுந்த போராட்டம் 1964இல்தான் தணிந்தது.

யூதர் எங்கும் பாதுகாப்பாக வாழ முடியாது, ஆகவே பிறர் நாட்டைப் பறித்தேனும் அவர்களுக்கு ஓர் அரசு வேண்டும் என்பதே சியோனிசத்தின் அடித்தள வாதம். அந்த வாதத்துக்கு எதிரான சாட்சி மட்டாஞ்சேரியில் கல்லும் மரமுமாக நிற்கிறது. பல நூற்றாண்டுகள் பிற மதத்தாரிடையே தலை நிமிர்ந்து வாழ்ந்தவர்கள் இங்கே இருந்தார்கள். காந்தியடிகள் 1938இல் ஹரிஜனில் யூதர்களின் துயரத்துக்கு இரங்கியதும், அதே கட்டுரையில் பாலஸ்தீனம் அரபியருக்கே உரியது என்று தெளிவாகக் கூறியதும் இந்த நிலத்தில் நின்றுதான். 1947 நவம்பரில் ஐ.நா. சபையில் பாலஸ்தீனத்தைக் கூறுபோடும் தீர்மானத்தை எதிர்த்து இந்தியா வாக்களித்ததும் யூத வெறுப்பால் அன்று. இத்தகைய சாட்சியைப் பார்க்கவிடாமல் நம் பிள்ளைகளின் கண்ணை நாமே பொத்தினால், நன்மை யாருக்கு?

இதை இஸ்ரேலே விளம்பரத்துக்குப் பயன்படுத்துகிறதே என்பாரும் உளர். உண்மைதான். மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் பள்ளியின் மர வேலைப்பாட்டை விலைக்கு வாங்கிக் கொண்டுபோய் ஜெரூசலேம் அருங்காட்சியகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். இங்கே எஞ்சிய கட்டடமோ 2019 மழையில் இடிந்து விழுந்தது. உலகெங்குமுள்ள யூத இளைஞரைப் பத்து நாள் இலவசப் பயணமாக அழைத்துச் செல்லும் திட்டம் ஒன்றையும் 1999 முதல் நடத்துகிறார்கள். பிறப்புரிமை என்பது அதன் பெயர். நியூயார்க்கில் பிறந்த பையனுக்குப் பைத்துல் முகத்தஸ் பிறப்புரிமையாம். கூப்பிடு தூரத்தில் பெத்லகேமில் பிறந்த பாலஸ்தீனப் பையன் அக்ஸாவில் ஒரு ஜும்ஆ தொழ இராணுவத்திடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமாம். அந்தச் சுற்றுலாவை நாம் கண்டிக்கிறோம். அது இருப்பவரை மறைத்துக் காட்டுகிற பயணம். நம் பிள்ளைகள் சென்றது இல்லாமற்போனவரைத் தேடிப் பார்க்கிற பயணம். இரண்டுக்கும் விளம்பரம் என்று ஒரே பெயர் சூட்டுவது அறிவுடைமை ஆகாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் பையன்களின் கைப்பேசிகளில் ஹிட்லரின் படத்தைப் போட்டு, அவன் மிச்சம் வைத்தது ஏன் தெரியுமா என்று தொடங்கும் செய்தி சுற்றி வருகிறது. அதைப் பார்த்துச் சிரிக்கிற பெரியவர்களை நாம் கண்டிருக்கிறோம். அறுபது இலட்சம் பேரைக் கொன்றவன் அவன். அந்தக் கொலைக்கான கூலியை ஐரோப்பா தன் கையிலிருந்து கொடுக்காமல் பாலஸ்தீனத்து ஏழை விவசாயியின் நிலத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது. ஹிட்லரைப் புகழ்கிறவன் பாலஸ்தீனத்தின் துயரத்துக்கு வித்திட்டவனையே புகழ்கிறான். வாலாஜாபாத்திலிருந்து நாள்தோறும் கம்பெனிப் பேருந்தேறி ஒரகடத்துக்கு வேலைக்குச் செல்வோர் பலர். அங்கே 2012 முதல் லாரி செய்துவரும் டைம்லர் கம்பெனியின் முன்னோடி நிறுவனம், நாஜி ஆட்சியில் சிறை முகாம்களிலிருந்து கொண்டுவந்த மனிதர்களைக் கட்டாய வேலை வாங்கியது. பின்னாளில் அந்நிறுவனமே அதை ஒப்புக்கொண்டு ஆராய்ந்து வெளியிட்டது. இது நமக்குத் தொலைதூரக் கதை அன்று. திப்பு சுல்தான் வழிவந்தவராகக் கருதப்படும் நூர் இனாயத் கான் என்னும் முஸ்லிம் பெண், நாஜிகளை எதிர்த்து உளவுப் பணி செய்து, 1944 செப்டம்பரில் டாகௌ முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். அல்பேனியாவின் முஸ்லிம் குடும்பங்கள் தம் வீட்டில் அடைக்கலம் புகுந்த யூதரை விட்டுக்கொடுக்க மறுத்தன. நம் பிள்ளைகளின் கைப்பேசியில் இவர்களுடைய படம் ஏன் இல்லை?

எவனோ செய்த குற்றத்துக்கு ஒரு சமுதாயம் முழுவதையும் கூண்டில் ஏற்றுவது எவ்வளவு கொடியது என்பதை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. வீடு வாடகைக்குக் கேட்டால் பெயரைக் கேட்டதும் கதவு மூடுகிறது. 2008 நவம்பரில் மும்பையில் நரிமன் இல்லத்தில் ரப்பி ஒருவரும் அவர் மனைவியும் உட்படப் பல யூதர்கள் கொல்லப்பட்டபோது, கொன்றவர்களின் உடல்களைத் தம் கபுருஸ்தானில் அடக்க மும்பை ஜாமிஆ மஸ்ஜிது அறக்கட்டளையினர் மறுத்துவிட்டார்கள். நாம் வேறு, அவர்கள் வேறு என்று உலகத்துக்குச் சொன்னோம். உலகம் அதை நம்ப வேண்டுமென்று எதிர்பார்த்தோம். அதே நியாயத்தை மட்டாஞ்சேரிக் கிழவி ஒருத்திக்கு மறுப்பது எப்படி?

கிழவி என்றது வெறும் உவமைக்காக அன்று. மட்டாஞ்சேரி யூதர் தெருவில் சாரா கோஹன் என்னும் அம்மையார் கைப்பின்னல் கடை நடத்தி, 2019இல் தம் 96ஆம் வயதில் காலமானார். பிள்ளைகள் இல்லாத அவரைத் தாயைப் போல் பார்த்துக்கொண்டவர் ஒரு முஸ்லிம்; கடையையும் அவர் நினைவாக நடத்தி வருகிறார். கல்கத்தாவில் 1884இல் எழுந்த மாகன் தாவீது யூதப் பள்ளியைத் தலைமுறை தலைமுறையாகத் துப்புரவு செய்து காத்து வருபவர்கள் முஸ்லிம்கள். அந்நகரின் யூதப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இன்று பயிலும் மாணவிகளுள் பெரும்பாலோர் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளே. இவர்களுடைய ஈமானுக்கு எந்தக் குறையும் வந்ததாக நாம் கேள்விப்படவில்லை.

யூதர் வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் கூட வேண்டும். ஷாபிஈ மத்ஹபில் ஜும்ஆவுக்கு நாற்பது பேர் என்பதுபோல் அது. மட்டாஞ்சேரியில் அப்பத்துப் பேர் இல்லாமல் நெடுங்காலம் ஆகிறது. எண்ணிக்கை குறைந்து குறைந்து ஒரு சமூகம் எப்படிக் காட்சிப் பொருளாகிறது என்பதைக் கண்ணால் காண்பது சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்கு வேண்டிய பாடம். வெள்ளையர், கறுப்பர் என்று தமக்குள் பிரிந்து, ஒரு பகுதியாரை இருக்கைகளில் அமர விடாமல் ஒதுக்கி வைத்தார்கள்; அதை எதிர்த்து ஏ. பி. சாலம் என்னும் வழக்கறிஞர் அப்பள்ளிக்குள்ளேயே சத்தியாகிரகம் இருந்தார். மரைக்காயர், லெப்பை, ராவுத்தர், தக்னி என்று பார்த்துப் பெண் கொடுக்கும் நம் சமுதாயத்துக்கு இதிலும் படிக்க ஏதோ இருக்கிறது.

ஜமாஅத்துப் பெரியவர்களிடம் நாம் கேட்பவை இரண்டு. அடுத்து வரும் எந்தக் கூட்டத்திலேனும் அந்தப் பிள்ளையை மேடைக்கு அழைத்து, பாதியில் நின்ற பேச்சை முடிக்க விடுங்கள். பரிசு வேண்டாம், ஐந்து நிமிடம் போதும். மற்றது பெண்பிள்ளைகளின் பயணம். 14 பேரின் பெற்றோரும் சம்மதித்து உஸ்தாதிடம் கையெழுத்துக் கொடுத்திருக்கின்றனர். வெள்ளியன்று கொடுங்கல்லூரில் சேரமான் பள்ளியைப் பார்க்கலாம். சனிக்கிழமை மட்டாஞ்சேரிப் பள்ளி சப்பாத்துக்காக மூடியிருக்கும். அன்று சேந்தமங்கலத்துக்கும் பறவூருக்கும் போகலாம். ஞாயிறு காலை மட்டாஞ்சேரி. அரையாண்டுத் தேர்வு முடிந்த அந்த வாரத்தில் வேன் அமர்த்தவும் இரயிலில் இடம் பிடிக்கவும் இப்போதே சொல்லி வைத்தாக வேண்டும். முத்தவல்லி அவர்களின் ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.